பத்தொன்பது நிமிட வினாத்தாள்

1

சனிக்கிழமை, பிற்பகல் சரியாக இரண்டு மணி. திரையில் முதலில் தெரிந்தது ஒரு பூச்சியம். ‘முயற்சிகள்: 0’ என்று இருந்தது. அதில் பிழை எதுவும் இல்லை. வினாத்தாள் அந்த விநாடியில்தான் திறந்தது. ஹட்டன் நகரில் ஒரு கணினி வகுப்பின் மேல்மாடியில் பதினான்கு பெண்கள் அதை எழுதக் காத்திருக்கிறார்கள் என்று நினைத்தபடி, நான் மெல்பேர்னில் எங்கள் சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தேன்.

அது 2006 மே மாதம். இந்த வாரம் நான் வேலை செய்யும் கல்லூரியிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. ஒரு வருடமாக எவரும் பயன்படுத்தாத பாடங்களைச் சேவையகத்திலிருந்து அழிக்க வேண்டும், பொறுப்பான அலுவலர் கையொப்பம் இட வேண்டும் என்கிறது. பட்டியலில் அந்த வினாத்தாளும் இருக்கிறது. பொறுப்பான அலுவலர் நான்.

கையொப்பம் இடுவதற்கு முன், நடந்ததை நேர ஒழுங்கில் எழுதி ஊருக்கு அனுப்பிவிட வேண்டும் என்று தோன்றியது. ஹட்டனில் ஆறு வருடங்கள் ஒரு தினசரிக்குச் செய்தி எழுதியவன் நான். நேரத்தை முதலில் குறித்துக்கொள்ளும் பழக்கம் விட்டுப்போகவில்லை.

2

கல்லூரியில் என் வேலை விரிவுரையாளர்களின் பாடங்களை இணையத் தளத்தில் ஏற்றுவதும் அவர்களுக்கு வினாத்தாள்கள் அமைத்துக் கொடுப்பதும். கேள்வியைத் தட்டெழுதி, நான்கு விடைகளைக் கொடுத்து, சரியானது எது என்று தளத்துக்குச் சொல்லி, திறக்கும் நேரமும் மூடும் நேரமும் கொடுத்து, கடைசியாக ‘வெளியிடு’ என்ற பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்திய பிறகு தளம் தன் பாட்டில் திறக்கும், மூடும், திருத்தும், புள்ளி போடும்.

இங்குள்ள எங்கள் தமிழ்ச் சங்கம் ஒரு திட்டம் தொடங்கியது. இலங்கை மலையகத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் தங்கள் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளை மடுவங்களில் வேலை செய்யும் பெண்களுக்கு இரண்டு வருட அஞ்சல்வழி டிப்ளோமா. இடங்கள் பத்து. விண்ணப்பித்தவர்கள் பதினான்கு பேர். முப்பது கேள்விகள், ஒரு மணித்தியாலம், ஒரே ஒரு முயற்சி. கல்லூரி தன் சேவையகத்தில் ஒரு மூலையைக் கடனாகத் தந்தது.

வயது எல்லை நாற்பது. அடுத்த தெரிவு இரண்டு வருடம் கழித்துத்தான். டயகம தோட்டத்திலிருந்து விண்ணப்பித்த புஷ்பராணிக்கு அப்போது முப்பத்தொன்பது வயது. பத்தொன்பது வருடங்களாக அவர் ஒரே மடுவத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். மற்றவர்களுக்கு இன்னொரு தடவை இருந்தது, அவருக்கு இல்லை. இது எனக்குத் தெரியும். விண்ணப்பங்களைத் தட்டெழுதியவன் நான்தான்.

கேள்விகளை எழுதியவர் திட்டத்தின் இணைப்பாளர் சிவநேசன் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர். எழுபதுகளில் தலவாக்கலையில் படிப்பித்தவர். அவர் ‘சூப்பிப் போத்தல்’ என்று எழுதியிருந்ததை நான் ‘பால் போத்தல்’ என்று மாற்றினேன். அதை ஆட்சேபித்து அவரிடமிருந்து இரண்டு மின்னஞ்சல்கள் வந்தன. மாசியில் ஒரு பரீட்சார்த்த வினாத்தாள் வைத்தோம். ஹட்டன் கணினிகளில் தமிழ் எழுத்துக்களுக்குப் பதிலாகச் சதுரக் கட்டங்கள் வந்தன. எழுத்துருவை இறுவட்டில் பதிந்து அனுப்பினேன். இரண்டாம் தடவை எழுத்து வந்தது. ஆனால் ஒவ்வொரு பக்கமும் திறக்க மூன்று நிமிடம் எடுத்தது, ஒரே தொலைபேசி இணைப்பில் பதினான்கு கணினிகள். ஆகவே முப்பது கேள்விகளையும் ஒரே பக்கத்தில் போட்டேன். ஒரு தடவை திறந்தால் போதும், பிறகு இணைப்பு மந்தமானாலும் கவலையில்லை. அதை யோசித்துச் செய்ததற்காக எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பங்குனி மாதம் வெளியிட்டேன். அன்று மெல்பேர்ன் கோடை நேரத்தில் இருந்தது, ஹட்டனோடு வித்தியாசம் ஐந்து மணித்தியாலம். மே மாதத்தில் கோடை நேரம் முடிந்து வித்தியாசம் நான்காகும் என்று கணக்கிட்டேன். ஹட்டனில் காலை பத்து மணி என்றால் இங்கே பிற்பகல் இரண்டு. திறக்கும் நேரம் இரண்டு, மூடும் நேரம் மூன்று. இரண்டு தடவை சரிபார்த்தேன்.

அறிவுறுத்தல் தாளையும் நானே எழுதினேன். நான்காம் இலக்கம்: ‘பரீட்சை முடியும்வரை கைத்தொலைபேசிகள் அனைத்தும் அணைத்து வைக்கப்பட வேண்டும்.’ மேற்பார்வையாளருக்கும் அது பொருந்தும் என்று அடைப்புக்குறிக்குள் சேர்த்தேன். மேற்பார்வையாளர் என் தங்கை செல்வி, ஹட்டனில் ஆசிரியை.

3

இரண்டு ஐந்து. பூச்சியம்.

இரண்டு பத்து. பூச்சியம்.

பக்கத்தைப் புதுப்பிக்கும் பொத்தானை எத்தனை தடவை அழுத்தினேன் என்று எண்ணவில்லை. எதிரே உட்கார்ந்து தன் பாடசாலை வேலையைச் செய்துகொண்டிருந்த மகள் அபி, அப்போது பதினைந்து வயது, பாட்டுக் கேட்கும் காதுக் கருவியைக் கழற்றினாள்.

“அப்பா, மேசை ஆடுது.”

“ஒருத்தரும் தொடங்கல்லம்மா.”

“இட்ஸ் ஒன்லி எ குவிஸ். அப்புறம் செய்வாங்க.”

அவளுடைய பாடசாலையிலும் இதே தளம்தான். அங்கே ஒரு வினாத்தாளை எத்தனை தடவையும் செய்யலாம். முழுப் புள்ளி வரும்வரை அவள் செய்வாள். ஒரே ஒரு முயற்சி என்ற பெட்டி அந்தத் தளத்தில் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

கணினி வகுப்பின் எண்ணுக்கு எடுத்தேன். பேச்சில் இருப்பதாகச் சத்தம் வந்தது. இணையம் அந்த இணைப்பில்தான் ஓடுகிறது, பேச முடியாது. செல்வியின் கைத்தொலைபேசி அணைந்திருந்தது. நான்காம் இலக்கம்.

செய்தியாளன் மூளை ஒரு காரணத்தோடு நிற்காது. மின்வெட்டு. கினிகத்தேனை வீதியில் மண்சரிவு. பஸ் வேலைநிறுத்தம். கொட்டகலையில் ஏதாவது கலவரம். தொண்ணூறுகளில் இவை ஒவ்வொன்றையும் நான் நான்கு வரிச் செய்தியாக எழுதியிருக்கிறேன். அப்போது தந்திக் கந்தோருக்கு நடந்தே போய் விசாரிப்பேன். இப்போது விசாரிக்க என்னிடம் ஒரு பூச்சியம்தான் இருந்தது.

இரண்டு இருபத்தைந்து. இன்னும் முப்பத்தைந்து நிமிடத்தில் வினாத்தாள் மூடிக்கொள்ளும்.

4

இரண்டு முப்பத்தொன்று. பூச்சியம் ஒன்றாகியது. பக்கத்தைப் புதுப்பித்தேன். ஆறு. பிறகு பதின்மூன்று. நான் எழுந்து நின்று தண்ணீர் குடித்தேன்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோதுதான் கடைசி நிரலைப் பார்த்தேன். ‘மீதி நேரம்: 27 நிமிடம்.’ பதின்மூன்று பெயர்களுக்கும் ஒரே எண். ஒரு மணித்தியால வினாத்தாள்.

தலையை உயர்த்தினேன். குளிரூட்டிக்கு மேலே சுவரில் ஹட்டன் நேரம் காட்டும் கடிகாரம் இருக்கிறது. ஊருக்குத் தொலைபேசி எடுப்பதற்காக மாட்டியது. அது பத்து மணி மூன்று நிமிடம் காட்டியது. என் கைக்கடிகாரத்தில் இரண்டு முப்பத்துமூன்று.

நான்கு மணித்தியாலம் இல்லை. நான்கரை.

தொண்ணூற்றாறில் மின்சாரத்தை மிச்சப்படுத்த இலங்கையின் கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள். அதே வருடம் ஒரு பகுதியைத் திருப்பி எடுத்தார்கள், மீதி அரை மணி அப்படியே நின்றது. அதைப் பற்றி நானே ஹட்டனிலிருந்து செய்தி அனுப்பியிருக்கிறேன். பத்து வருடங்களுக்குப் பிறகு, 2006 சித்திரைப் புத்தாண்டோடு அந்த அரை மணியையும் திருப்பிக்கொண்டார்கள். அந்தச் செய்தியை இணையத்தில் படித்த அன்றே கதிரையில் ஏறிச் சுவர்க் கடிகாரத்தை முப்பது நிமிடம் பின்னே தள்ளினேன். மனைவியிடம் சொன்னேன். அபியிடம் சொன்னேன். பங்குனியில் வெளியிட்டு முடித்த வினாத்தாளை நினைக்கவில்லை.

மூடும் நேரத்தை மாற்றும் பெட்டி என் கண்ணெதிரே இருந்தது. மூன்று என்பதை மூன்றரை ஆக்கிச் சேமிக்கப் பத்து விநாடி போதும். ஆனால் சங்கமும் கல்லூரியும் எழுதிக்கொண்ட ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு: வெளியிட்ட பிறகு எந்த மாற்றமும் இணைப்பாளரின் சம்மதத்தோடுதான். தெரிந்தவர்களுக்குச் சலுகை காட்டக்கூடாது என்பதற்காக வைத்த வரி. மேற்பார்வையாளர் என் தங்கை என்பதால் அதை நானே வலியுறுத்தியிருந்தேன்.

இரண்டு முப்பத்தைந்துக்குச் சிவநேசன் மாஸ்டருக்கு எடுத்தேன். அவர் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் வகுப்பில் இருந்தார். பின்னால் பிள்ளைகளின் இரைச்சல்.

“என்ன தம்பி, பிழைச்சுப்போச்சோ?”

சொன்னேன்.

“அப்ப அவைக்கு அரை மணித்தியாலம்தான் கிடைச்சிருக்கு. நீர் இப்ப நீட்டினால் அவையின்ரை பக்கத்திலை மாறுமோ?”

அந்தக் கேள்வியை நான் அதுவரை கேட்டுக்கொள்ளவில்லை. மாறாது. பக்கம் திறந்தபோது எடுத்த நேரத்தைத்தான் அது எண்ணிக்கொண்டிருக்கும். பூச்சியத்தைத் தொட்டதும் தானாகவே தாளைச் சமர்ப்பித்துவிடும். எல்லாக் கேள்விகளையும் ஒரே பக்கத்தில் போட்டிருக்காவிட்டால், அடுத்த பக்கம் திறக்கும்போது புதிய நேரம் வந்திருக்கும்.

“மாறாது, மாஸ்டர். ஆனா இன்னும் ஒராள் வரல்ல. டயகம புஷ்பராணி. அவங்க திறக்கிறதுக்கு முன்னால மாத்தினா அவங்களுக்காவது கிடைக்கும்.”

“அப்ப ஒராளுக்கு ஒரு மணித்தியாலம், பதின்மூண்டு பேருக்கு அரை மணித்தியாலமோ? உதை நான் தனிய முடிவெடுக்கேலாது. குழுவிலை மற்ற ரெண்டு பேரையும் கேட்டிட்டு எடுக்கிறன். நீர் ஒண்டிலையும் கை வைக்காதையும்.”

“சரி, மாஸ்டர்” என்றேன்.

5

இரண்டு முப்பத்தேழு. இரண்டு முப்பத்தொன்பது. சுட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தேன்.

இரண்டு நாற்பத்தொன்று. பதினான்காவது வரி வந்தது. புஷ்பராணி. மீதி நேரம்: 19 நிமிடம்.

இரண்டு நாற்பத்துநான்கு. தொலைபேசி அடித்தது. “நீட்டும்” என்றார் சிவநேசன் மாஸ்டர். “எல்லாருக்கும் இண்டைக்கே இன்னொரு முயற்சியும் குடுக்கலாம் எண்டு முடிவு. அவையின்ரை பதினொண்டரைக்கு. வேறை கேள்வியளோடை. உம்மட்டை இருக்குத்தானே?”

இருந்தது. கேள்வி வங்கியில் அறுபது கேள்விகள் ஏற்றியிருந்தேன். நேரத்தை நீட்டினேன். முயற்சிகளின் எண்ணிக்கையை ஒன்றிலிருந்து இரண்டாக்கினேன். திறக்கும் நேரத்துக்கு, சுவரைப் பார்த்து, நான்கரை மணித்தியாலம் கூட்டினேன். நான்கு மணி. இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான்: எவரும் வீட்டுக்குப் போய்விடாமல் செல்வியிடம் சொல்வது.

கணினி வகுப்பு: பேச்சில். செல்வி: தொலைபேசி அணைந்தபடி.

மூன்று மணிக்குப் பதினான்கு வரிகளும் ஒரே நேரத்தில் நிறம் மாறின. ‘தானாகச் சமர்ப்பிக்கப்பட்டது.’

மூன்று மூன்று. மூன்று ஐந்து. மூன்று எட்டு. அபி காதுக் கருவியை மேசையில் வைத்துவிட்டு வந்து என் பின்னால் நின்றாள். வீட்டுத் தொலைபேசியை அவள் எடுத்துக்கொண்டாள். ஒன்றில் நானும் மற்றதில் அவளும் மாறிமாறி அடித்தோம்.

மூன்று பதினான்குக்கு அவளுடையதில் மணி போனது.

6

“அண்ணே! இப்பத்தான் போன ஆன் பண்ணேன். எல்லாம் நல்லபடியா முடிஞ்சிச்சி. கையெழுத்தெல்லாம் வாங்கிட்டேன்.”

“செல்வி, ஒரு மணித்தியாலம்னு தாள்ல இருந்திச்சே, நீ பார்க்கல்லயா?”

“பார்த்தேன். பெட்டியில அரை மணின்னு ஓடிச்சி. நீங்க கடைசி நேரத்தில கொறச்சிருப்பீங்கன்னு நெனச்சேன். கேக்கலாம்னா போன அமத்தச் சொன்னதும் நீங்கதானே.”

“என் பிழை. பதினொன்றரைக்கு எல்லாருக்கும் திரும்ப இருக்கு. யாரையும் போக விடாத.”

“ஐயோ. எல்லாரும் கீழ தேத்தண்ணிக் கடையிலதான் இருக்காங்க. புஷ்பராணி மட்டும் எறங்கிப் போயிருச்சி. பத்தே முக்கால் பஸ்ஸுக்கு.”

சுவரில் பத்து நாற்பத்துநான்கு.

“ஓடு” என்றேன்.

படிகளில் அவள் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு வீதி இரைச்சல். எவரையோ சிங்களத்தில் வழிவிடச் சொன்னாள். ஒரு பஸ் நீளமாக ஹோர்ன் அடித்தது. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். அபி தொலைபேசியை என் காதோடு சேர்த்துப் பிடித்திருந்தாள்.

“போயிருச்சிண்ணே. பின்பக்கந்தான் தெரிஞ்சிச்சி. கையக் காட்டினேன், நிறுத்தல்ல.”

புஷ்பராணியிடம் தொலைபேசி இல்லை. தோட்டத்துக் கந்தோருக்குச் செல்வி எடுத்தாள். சனிக்கிழமை, மணி அடித்துக்கொண்டே இருந்தது.

பதினொன்றரைக்குப் பதின்மூன்று பேர் எழுதினார்கள். ஒரு மணித்தியாலமும் முழுதாகக் கிடைத்தது.

7

மறுநாளே என் பிழையை ஒரு பக்கத்தில் எழுதிக் குழுவுக்குக் கொடுத்தேன். சிவநேசன் மாஸ்டர் அதைக் கோவையில் சேர்த்தார். ஆனால் விதிப்படி ஒருவருக்குத் தனியாக வினாத்தாள் திறப்பதென்றால் அவரே பதினான்கு நாட்களுக்குள் எழுதிக் கேட்க வேண்டும்.

“ரெண்டு வரி போதும், தம்பி. அந்தப் பிள்ளை எழுதித் தரட்டும், மிச்சத்தை நான் பாக்கிறன்” என்றார். அவர் சொன்னது மனதார என்று எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு செல்வி அக்கரப்பத்தனை வழியாக டயகம போனாள். புஷ்பராணியின் வீடு மேல் லயத்தில், அந்த வரிசை வீடுகளில் கடைசிக் காம்பரா. அன்று நடந்த பேச்சைச் செல்வி திரும்பி வந்து எனக்குச் சொல்லுக்குச் சொல் சொன்னாள். நான் எழுதிக்கொண்டேன்.

“டீச்சர், அக்கரப்பத்தனையில பஸ் நின்னிருச்சி. நான் வந்து ஒக்காரயில பத்தே காலு இருக்கும். பத்தொம்பது நிமிசந்தான்னு பெட்டி சொல்லிச்சி. பிந்திப் போனா அரைப் பேருதானே.”

“அது நீங்க பிந்துனதுக்காக இல்லைங்க. எல்லாருக்கும் கொறஞ்சிச்சி. எங்கண்ணன் செஞ்ச பிழை.”

“உங்கண்ணன் மேல பிராது எழுதச் சொல்றீங்களா?” என்று சிரித்திருக்கிறார். “நல்லா இருக்கே. அந்தப் பெட்டி கண்டாக்கையாவ விட மோசம் டீச்சர். அவராச்சும் மொகத்தப் பாத்துட்டுத்தான் செக்ரோல மூடுவாரு.”

“பிராது இல்லைங்க. திரும்ப ஒரு தடவ தாங்கன்னு ரெண்டு வரி.”

“நான் பிந்திப் போனது நெசந்தானே. அத மறச்சி எழுதவா? எழுதுனா, டயகமப் பொம்பளைங்க நேரத்துக்கும் வர மாட்டாங்க, வந்து சண்டையும் போடுவாங்கன்னு நெனைக்க மாட்டாங்களா? அடுத்த தடவ எங்க மடுவத்துச் சின்னவ மனுப் போடப் போறா. அவள எடுக்கட்டும். தேத்தண்ணி குடிங்க.”

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவிடவில்லை என்றாள் செல்வி. பதினான்கு நாட்கள் முடிந்தன. மற்றவர்களில் பத்துப் பேர் டிப்ளோமாவுக்குத் தெரிவானார்கள்.

8

அபி என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். “ஏன் அவங்க கைய உயர்த்திக் கேக்கல்ல? நான்னா கேட்டிருப்பேன்.”

தமிழில் தொடங்கி ஆங்கிலத்தில் முடித்து அவளுக்கு விளக்கப் பார்த்தேன். காலையில் தோட்டத்தில் எல்லோரும் வரிசையாக நின்று பெயர் கொடுக்கும் இடம் பெரட்டு. கண்டாக்கு என்பவர் அங்கே செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டில் பெயர்களைப் பதியும் உத்தியோகத்தர். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாள் என் அம்மா பிந்திப் போனார். கண்டாக்கு கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு “அரைப் பேர்” என்றார். அன்றைய வேலை முழுவதையும் செய்தாலும் பாதி நாள்தான் பதிவாகும். அம்மா கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கு நடந்தார். காய்ச்சல் என்று சொல்லவில்லை. நேரம் எங்களிடம் இல்லை, கண்டாக்கின் கையில் இருந்தது. அவர் கடிகாரம் சரியா என்று எவரும் கேட்டதில்லை.

அபி கவனமாகக் கேட்டாள். பிறகு, “நீங்களும் வெயிட் பண்ணினீங்கதானே, அந்த அங்கிள் கால் பண்ற வரைக்கும்” என்றாள். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. கணக்கில் ஒரு படி விடுபட்டதைக் காட்டுவது போல.

ஆறு நிமிடம். முப்பத்தைந்திலிருந்து நாற்பத்தொன்றுவரை.

9

இன்று காலை படிவத்தில் கையொப்பம் இட்டேன். அழிக்கும் பொத்தானை அழுத்தினால் தளம் இரண்டு தடவை கேட்கும்: நிச்சயமாகவா? நிச்சயமாகவா? இரண்டாவதற்குப் பதில் சொல்லாமல், வினாத்தாளின் பதிவைத் திறந்தேன். சென்ற வருடம் நான் பார்த்தது மொத்தப் புள்ளிகளை மட்டும்தான். முப்பதுக்குப் பதினொன்று என்று புஷ்பராணியின் பெயருக்கு எதிரே இருந்தது, அது தெரிவுக்குப் போதாது, அத்தோடு மூடிவிட்டேன். கேள்வி வாரியான விவரத்தைத் திறக்கவில்லை. இன்று திறந்தேன்.

பதினான்காவது வரி. தொடங்கிய நேரம் 2:41. முடிந்த நேரம் 3:00. விடையளிக்காத கேள்விகள் பத்தொன்பது. விடையளித்தவை பதினொன்று. பதினொன்றும் சரி.